ஆம்புலன்ஸ் கண்ணாடியில் ஒட்டிய உத்தரவு

எங்கள் வக்கீலம்மா கோர்ட்டில் குரலை உயர்த்தியதே கிடையாது. ஒரே ஒரு தடவை தும்மினார். எதிர்த்தரப்பு அன்று சாயங்காலமே சமாதானத்துக்கு வந்துவிட்டது. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். ஆயுள் முழுக்க அவரிடம் குமாஸ்தாவாக இருந்தவன் நான். கேஸ் கட்டுகளைத் தூக்கித் தூக்கி என் இடது தோள் வலது தோளைவிட இறங்கிப் போயிருப்பதை, எனக்குச் சட்டை தைப்பவரிடம் யார் வேண்டுமானாலும் விசாரித்துக்கொள்ளலாம்.

ஆணும் ஆணுமாக, பெண்ணும் பெண்ணுமாகக் குடும்பம் நடத்துகிறவர்கள், பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் ஆணென்றோ பெண்ணென்றோ சொன்னது தங்களுக்குப் பொருந்தவில்லை என்று பிற்பாடு கண்டுகொண்டவர்கள், இவர்களை மற்ற வக்கீல்கள் வாசற்படியோடு திருப்பி அனுப்பிக்கொண்டிருந்த காலம். அத்தனை பேரும் எங்கள் ஆபீசுக்கு வந்தார்கள். ஆரம்ப வருஷங்களில் ஒரு வழக்கு விடாமல் தோற்றோம். தோற்ற கட்டுகளை அடுக்கி, அதன்மேல் ஏறி நின்றுதான் மேல் தட்டுச் சட்டப் புத்தகங்களை எடுப்பேன். கட்டுகள் மேல் தட்டை எட்டிய பிறகு புத்தகம் கைக்கு வந்தது, நாங்களும் ஜெயிக்க ஆரம்பித்தோம். வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

வருகிறவர்கள் முதலில் என்னைத் தாண்ட வேண்டும். என்னிடம் உண்மையைச் சொல்லக் கூச்சம். எவனோ ஒரு மகராசன் ஆரம்பித்து வைத்தான், எல்லோரும் அதையே பிடித்துக்கொண்டார்கள்.

"என்ன விஷயமா வந்தீங்க?"

"வேலித் தகராறு."

"வீடு எங்க?"

"மாடியில. மூணாவது."

"மூணாவது மாடியில வேலியா?"

"ஆமாங்க."

"உட்காருங்க. தண்ணி குடிங்க."

ஒரு பிடி மண் சொந்தமாக இல்லாதவர்களுக்கு இத்தனை வேலித் தகராறு வந்த ஊர் உலகத்தில் வேறு இருக்காது. வக்கீல்கள் டீ குடிக்கும் அறையில் ஒருவர், "அந்தம்மா இவங்களுக்காக இப்படி ஓடுறாங்களே, அவங்களும் அப்படித்தானோ?" என்று காதில் விழும்படியே கேட்டார். வக்கீலம்மா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "ஏன் சார், தீயணைப்பு வண்டிக்குப் போன் பண்றப்ப, உங்க வீட்டுலயும் பத்திக்கிச்சான்னு கேட்டுட்டா கூப்பிடுவீங்க?" என்றார். கேட்டவர் அதோடு டீயையே விட்டுவிட்டார்.

கடிகாரக்காரர் மட்டும் வேலி என்று சொல்லவில்லை. காலையில் நான் ஆபீஸ் ஷட்டரைத் தூக்கும்போதே வாசலில் நின்றார். கடிகாரம் ரிப்பேர் பார்க்கிறவர்கள் கண்ணில் செருகிக்கொள்ளும் பூதக்கண்ணாடி நெற்றியில் அப்படியே இருந்தது. அதை மறந்துவிட்டு ஊரைக் கடந்து வந்திருக்கிறார்.

"அவரைத் தூக்கிட்டுப் போகப்போறாங்க" என்றார். "நாலு மணிக்கு வண்டி."

உள்ளே உட்கார வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கினோம். கடிகாரக்காரரும் ஒரு கணக்கு வாத்தியாரும் கடைக்கு மேலேயே ஒரே வீட்டில் வாழ்கிறவர்கள். தலை கறுப்பாயிருந்த நாளிலிருந்து நரைக்கும் வரை. போன வாரம் கரும்பலகையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த வாத்தியார் அப்படியே சரிந்தார். வாதம். வலப்பக்கம் விழுந்துவிட்டது; பேச்சும் போய்விட்டது. நினைவு இருக்கிறது. கடிகாரக்காரர் கடையை மூடிவிட்டு ஆஸ்பத்திரியிலேயே கிடந்தார். அப்புறம் வாத்தியாரின் அண்ணன் வந்தார். மரக்கடை முதலாளி. விஷயம் தெரிந்த நாளிலிருந்து தம்பி வீட்டு வாசலை மிதிக்காதவர். வந்ததும், "நான் கூடப் பொறந்தவன். அந்த ஆளு அவன்கூட வாடகை வீட்டுல இருந்தவரு, அவ்வளவுதான்" என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து கடிகாரக்காரரை வாசல் செக்யூரிட்டி உள்ளே விடவில்லை.

இன்று தம்பியை ஆம்புலன்சில் ஏற்றி, ஒரு நாள் பிரயாணத் தூரத்தில் இருக்கும் தன் வீட்டுக்குக் கொண்டு போகிறார். வழியில் குலுங்கினால் ஆபத்து என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். "என் பொறுப்பு" என்று அண்ணன் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

"அங்க போயிட்டா எனக்குக் கதவு திறக்க மாட்டாங்கம்மா" என்றார் கடிகாரக்காரர். "எங்க ரெண்டு பேருல பேசுறது அவருதான். நான் கேட்டுட்டு இருப்பேன். இப்ப அவரால 'நான் வரல'ன்னு சொல்லக்கூட முடியாது."

வக்கீலம்மா மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

"குமாஸ்தா சார், அவசர மனு. டைப் அடிக்க உட்காருங்க."

மத்தியானச் சாப்பாட்டு இடைவேளை முடிந்து மனு கூப்பிடப்பட்டது. அந்த நீதிபதிக்குக் 'கண்ணாடி' என்று பெயர், நாங்கள் வைத்ததுதான். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தாரென்றால் மனு செத்துப்போயிற்று என்று அர்த்தம். வைத்த பிறகு அவர் சொல்வதெல்லாம் சடங்குதான்.

எதிர்த்தரப்பில், தேன்வாயர் என்று நாங்கள் பேர் வைத்திருந்த வக்கீல். அவர் வாதாடுகிற நாட்களில் ஜன்னல் விளிம்பில் எறும்பு ஊறும். நானே எறும்புப் பொடி தூவியிருக்கிறேன்.

"ஐயா" என்று குழைந்தார் தேன்வாயர். "எங்க கட்சிக்காரர் கூடப் பொறந்த அண்ணன். ரத்த சம்பந்தம். எதிர்ல இருக்கிற பெரியவர்மேல எங்களுக்குக் கோபமே கிடையாது. ஒரே ஒரு சந்தேகம்தான். அவரு நோயாளிக்கு என்ன உறவு? சட்டத்துல அதுக்கு ஒரு பேரு இருந்தா அம்மா சொல்லட்டும், நான் உட்கார்ந்துடறேன்."

"பேரு இல்லைங்கிறதுதான் என் மனுவே" என்றார் வக்கீலம்மா. "ஒரே கூரை, ஒரே அடுப்பு, ஒருத்தருக்குக் காய்ச்சல்னா இன்னொருத்தர் முழிப்பு. இதையே ஒரு ஆணும் பெண்ணும் பண்ணியிருந்தா ஆஸ்பத்திரியில நாற்காலி போட்டிருப்பாங்க. இவரைத் தெருவுல நிறுத்தியிருக்காங்க."

நீதிபதி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன். மூன்றைத் தாண்டியிருந்தது.

"இங்க பாருங்கம்மா" என்றார் நீதிபதி. குரலில் இரக்கம் இருந்தது. அதுதான் பயமாக இருந்தது. "என்னால ஒண்ணு செய்ய முடியும். 'நண்பர்'னு போட்டு உத்தரவு தர்றேன். பார்வையாளர் நேரத்துல போய்ப் பார்த்துக்கட்டும். இப்பவே கையெழுத்துப் போடறேன்."

அந்த ஒரு சொல்லை எங்கள் ஆபீசிலிருந்து வெளியே போகும் எந்தக் காகிதத்திலும் எழுதக்கூடாது என்பது வக்கீலம்மாவின் உத்தரவு. நண்பர் என்று போட்டிருந்தால் பாதி வழக்குகள் அன்றைக்கே ஜெயித்திருக்கும். மீதி எதுவும் என்றைக்கும் ஜெயிக்காது என்பார். ஆனால் கையில் வருகிறதைத் தள்ளிவிட்டால், பின்னால் உட்கார்ந்திருக்கிற மனிதருக்கு அதுவும் கிடைக்காது. வக்கீலம்மா வாழ்நாள் பூராவும் போட்ட சண்டை ஒரு பக்கம், இந்த மனிதர் ஒரு தடவையாவது உள்ளே போய்ப் பார்ப்பது ஒரு பக்கம். வக்கீலம்மா திரும்பிக் கடிகாரக்காரரைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க" என்றார் மெதுவாக. அவர் கட்சிக்காரரிடம் வழி கேட்டதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

கடிகாரக்காரர் எழுந்து நின்றார். "ஐயா, நண்பர்னு போட்டா அந்த வண்டியை நிறுத்தலாமா?"

"அது முடியாது. அது குடும்பத்தாரோட முடிவு."

"அப்ப வேண்டாங்கய்யா."

நீதிபதியின் கை கண்ணாடிக்குப் போயிற்று. ஒரு காது கழன்றது. மறு காது கழன்றது. கண்ணாடி மேஜையை நோக்கி இறங்க ஆரம்பித்தது.

"ஐயா" என்றார் வக்கீலம்மா. "இவ்வளவு நேரமா அவரு யாருக்குச் சொந்தம்னு பேசிட்டிருக்கோம். அவர்கிட்ட ஒருத்தரும் கேக்கல."

கண்ணாடி அந்தரத்தில் நின்றது.

"அவருக்குப் பேச்சு இல்லியே" என்றார் தேன்வாயர்.

"பேச்சுதான் இல்ல. காது இருக்கு. புத்தி இருக்கு. இடது கை இருக்கு. கணக்கு வாத்தியாரை மரக்கட்டை மாதிரி ஏத்திட்டுப் போறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போகட்டும்."

மரக்கட்டை என்றதும் பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை. கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

"ஒரே ஒரு கேள்வி" என்றார். "கோர்ட் அமீனா நேர்ல போய், டாக்டரையும் ரெண்டு தரப்பையும் வெச்சுக்கிட்டுக் கேக்கணும். அதுவரைக்கும் வண்டி நகரக்கூடாது. என்ன பதிலோ அதுதான் முடிவு. கேள்வியை நீங்களே இப்ப எழுதிக் குடுங்கம்மா. அதுல உள்ளபடிதான் கேக்கணும்."

வக்கீலம்மா நின்றபடியே எழுதிக் கொடுத்தார். தேன்வாயரின் ஜூனியர் போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே ஓடுவதை நான் பார்த்தேன். வண்டியை உடனே எடுக்கச் சொல்லத்தான். உத்தரவு கைக்கு வரும் முன் கிளம்பிவிட்டால், உத்தரவு வெறும் காகிதம்.

அதற்கப்புறம் நடந்ததைச் சொன்னால் ரத்தக் கொதிப்பு வரும். டைப் அடித்தது, அச்சு இயந்திரம் காகிதத்தை மென்றது, முத்திரை வைக்கிறவர் மை தேடியது. முத்திரை வாங்கிக்கொண்டு நான் படியில் இறங்கிய வேகத்தில் என் நிழல் முதல் மாடியிலேயே நின்றுவிட்டது. மறுநாள் போய்த்தான் கூட்டி வந்தேன். வாடகைக் காரில் முன்னால் அமீனா, பின்னால் நாங்கள் மூன்று பேர். கோர்ட் உத்தரவுகளை நிறைவேற்றியே தலை வழுக்கையான மனிதர் அமீனா. சிக்னலில் மஞ்சள் விளக்குக்கே நிற்கச் சொல்வார். கடிகாரக்காரர் வழி முழுக்கத் தன் கையில் கட்டியிருந்த கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை.

ஆஸ்பத்திரி முற்றத்தில் ஆம்புலன்ஸ் உறுமிக்கொண்டு நின்றது. பின்கதவு சாத்தியாகிவிட்டது. வாத்தியார் உள்ளே. அண்ணன் டிரைவருக்குப் பக்கத்தில் ஏற ஒரு காலைத் தூக்கியிருந்தார்.

"ஐயா, கோர்ட் உத்தரவு. வாங்கிக்குங்க" என்று அமீனா நீட்டினார்.

அண்ணன் காலை இறக்கி, இரண்டு கைகளையும் பேன்ட் பைக்குள் செருகிக்கொண்டார். "நான் வாங்கலை. கையில வாங்கினாத்தானே செல்லும்? எடுப்பா வண்டியை."

அமீனா யோசித்தார். "வாங்க மறுத்தா, குடியிருக்கிற வீட்டுக் கதவுல ஒட்டணும். அதுதான் முறை."

"என் வீடு ஒரு நாள் தூரத்துல இருக்கு. போய் ஒட்டிட்டு வாங்க" என்றார் அண்ணன். டிரைவர் கியரைப் போட்டார்.

குமாஸ்தாவின் பையில் கோந்து பாட்டில் இருப்பது, டாக்டர் கழுத்தில் குழாய் தொங்குவது மாதிரி. நான் முன்னால் போய், உத்தரவின் நகல்கள் அத்தனையையும் முன்கண்ணாடியில் டிரைவர் மூஞ்சிக்கு நேராக வரிசையாக ஒட்டிவிட்டேன். பின்பக்கமும் தடவினேன், முன்பக்கமும் தடவினேன். வைப்பர் ஓடியது, முதல் பக்கத்தில் சிக்கிக்கொண்டு விசும்பியது.

"சார், ரோடு தெரியலை" என்றார் டிரைவர்.

"யோவ், எறங்கித் துடைய்யா!" என்று கத்தினார் அண்ணன்.

"கோர்ட் முத்திரை இருக்கு சார். அதைக் கிழிச்சா என்னைத் தூக்கிடுவாங்க. எனக்குப் புள்ளைங்க இருக்கு."

அமீனா வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "இதுல கதவு இருக்கு" என்றார் கடைசியில். "உள்ள படுக்கை இருக்கு. ஆளும் இருக்கு. ஒட்டினது ஒட்டினதுதான். உத்தரவு சேர்ந்தாச்சு. இன்ஜினை அணைப்பா."

வாத்தியாரை மறுபடி வார்டுக்குக் கொண்டுவந்தார்கள். டாக்டர் ஒரு இளம் பெண்; ராத்திரி முழுக்கத் தூங்காத முகம். கட்டிலின் ஒரு பக்கம் அண்ணன், மறுபக்கம் மூச்சிரைக்க வந்து சேர்ந்த தேன்வாயர், கால்மாட்டில் கடிகாரக்காரர்.

"நல்லாப் புரிஞ்சுக்கிறாரு" என்றார் டாக்டர். "ஆமான்னா இடது கையால ஒரு தடவை அழுத்துவாரு. இல்லைன்னா ரெண்டு தடவை. அதுக்கு மேல இப்போதைக்கு எதிர்பார்க்க முடியாது."

அமீனா உத்தரவைப் பிரித்துத் தொண்டையைச் செருமினார். கேள்வியை ஒரு தடவை மனசுக்குள் படித்தார். பிறகு வக்கீலம்மாவைப் பார்த்தார்.

நானும் எட்டிப் பார்த்தேன். 'இவர் உமக்கு யார்?' அவ்வளவுதான் எழுதியிருந்தது.

வக்கீல்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. சொந்தச் சாட்சியைக் கேட்கும்போது பதிலைக் கேள்விக்குள்ளேயே வைத்து ஊட்டக்கூடாது. ஆமா, இல்லை என்று முடிகிற மாதிரிக் கேட்டால் எதிர்த்தரப்பு எழுந்து ஆட்சேபிக்கும். வருஷக்கணக்கில் அப்படிக் கேட்டே பழகிய கை, அவசரத்தில் அப்படியே எழுதிவிட்டது. வாய் திறக்க முடியாத மனிதரிடம், வாயைத் திறந்தால் மட்டுமே பதில் சொல்லக்கூடிய கேள்வி. அதுவும் ஒரே கேள்வி.

வக்கீலம்மா முகத்தில் ரத்தம் இல்லை. "அமீனா சார், 'இவர் கூட இருக்கணுமா'ன்னு கேளுங்க. ரெண்டு வார்த்தைதான் வித்தியாசம்."

"அம்மா, நீங்களே இதைச் சொல்லலாமா? எழுத்தை மாத்தினா என் உத்தியோகம் போயிடும்."

"உள்ளபடியே கேக்கட்டும்" என்றார் தேன்வாயர். இத்தனை இனிப்பான குரலை நான் அதுவரை கேட்டதில்லை. "ஐயாவோட உத்தரவாச்சே."

அமீனா கடிகாரக்காரரைக் காட்டி, கட்டில் பக்கம் குனிந்து, உரக்கக் கேட்டார்: "இவர் உமக்கு யார்?"

வாத்தியாரின் வாய் ஒரு பக்கமாகக் கோணியது. தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது, சொல்லாகவில்லை. மறுபடி முயன்றார். நெற்றியில் வேர்த்துவிட்டது. கடிகாரக்காரர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். டாக்டர், "போதும், சிரமப்படுத்தாதீங்க" என்றார்.

"பதில் இல்லைன்னு எழுதிக்கலாமா?" என்றார் தேன்வாயர். அமீனா பேனாவைத் திறந்தார்.

வாத்தியாரின் இடது கை போர்வையிலிருந்து எழுந்தது. விரலை மடக்கிக் கூப்பிட்டார், வகுப்பில் பின்பெஞ்சுப் பையனைக் கூப்பிடுகிற மாதிரி. கடிகாரக்காரர் பக்கத்தில் போய்க் குனிந்தார். அந்தக் கை அவருடைய சட்டையைப் பிடித்தது.

அப்போதுதான் எங்களுக்கே தெரிந்தது. காலை அவசரத்தில் கடிகாரக்காரர் சட்டைப் பட்டனையெல்லாம் ஓட்டை மாற்றிப் போட்டிருந்தார். அந்தக் கோலத்தில்தான் கோர்ட்டில் எழுந்து நின்று நீதிபதியிடமே வேண்டாமென்று சொல்லியிருக்கிறார்.

கணக்கு வாத்தியார் அல்லவா, தப்பான விடையை அப்படியே விட மனசு வராது. மேல் பட்டனைக் கழற்றினார். பழக்கமில்லாத இடது கை. விரல் வழுக்கியது. கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார், பட்டன் ஓட்டையின் விளிம்பு வரை வந்து திரும்பிப் போயிற்று. கடிகாரக்காரர் உதவிக்குக் கையைக் கொண்டுபோனார். வாத்தியார் அதைப் பட்டென்று தட்டிவிட்டார். மறுபடி. பட்டன் உள்ளே போனது. அடுத்தது. தேன்வாயர்கூட அந்தப் பட்டனையே பார்த்துக்கொண்டிருந்தார். அது நழுவியபோது அவர் விரலும் காற்றில் ஒரு தடவை அசைந்தது, நான் பார்த்தேன். கடைசிப் பட்டன் வரை போட்டு முடித்து, காலரை இழுத்து நேராக்கி, நெஞ்சில் ஒரு தட்டுத் தட்டினார் வாத்தியார். பிறகு அமீனாவைப் பார்த்தார். இவ்வளவு சுலபமான கணக்கு புரியவில்லையா என்பது போல ஒரு பார்வை.

தேன்வாயர் சுதாரித்துக்கொண்டார். "இது பதில் ஆகாது. யாருன்னு கேட்டதுக்கு... ஏதோ கை தானா ஆடுது..."

"கை தானா ஆடினா பட்டன் போடாது சார்" என்றார் டாக்டர்.

அமீனா எழுத ஆரம்பித்திருந்தார். "நான் பார்த்ததை எழுதுறேன். எனக்குத் தினம் காலையில இதைச் செய்யுறது யாருன்னு எனக்குத் தெரியும். ஜட்ஜ் ஐயாவுக்கும் வீட்டுல ஒருத்தங்க இருப்பாங்க. அவரு படிச்சுப் புரிஞ்சுக்குவாரு."

அண்ணன் நெடுநேரம் தம்பியின் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "பள்ளிக்கூடம் போறப்ப நான்தான் அவனுக்குப் போட்டு விடுவேன்" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. வாசல் வரை போய் என் பக்கம் திரும்பினார்.

"அந்தக் கண்ணாடியை யாருய்யா கழுவுறது?"

"வெந்நீர் ஊத்தி ஊற வெச்சா வந்துடும்ணே."

முறைத்தார். ஆனால் கொஞ்ச நேரம் கழித்து ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மரக்கடை முதலாளி டிரைவரோடு சேர்ந்து வாளியும் துணியுமாக நின்றுகொண்டிருந்தார்.

வக்கீலம்மா தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "எப்பேர்ப்பட்ட தப்பு பண்ணினேன் பார்த்தீங்களா, குமாஸ்தா சார். பழக்கதோஷம். ஒரு மனுஷனோட மிச்ச வாழ்க்கையே போயிருக்கும்."

"தப்பா? ஊர் பூரா நான் அதை உங்க மகா தந்திரம்னு சொல்லப்போறேன். ஆமா, இல்லைன்னு வெச்சிருந்தா நரம்பு துடிச்சதுன்னு அடிச்சுவிட்டிருப்பாரு தேன்வாயர்."

"பொய் சொல்லாதீங்க."

"என்னிக்கும்மா நான் பொய் சொன்னேன்?"

மறுநாள் நீதிபதி கண்ணாடியைக் கழற்றாமலே அமீனாவின் குறிப்பைப் படித்தார், இரண்டு தடவை. ஆஸ்பத்திரி விஷயத்தில் குடும்பத்தார் என்ற சொல்லுக்குள் இவரும் அடங்குவார் என்று எழுதினார். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வக்கீலம்மா அப்புறம் எத்தனை வாசல்களைத் திறந்தார் என்பது தனிக் கதை. எதிர்த்து வாதாடப் பழகிய தேன்வாயரே வயதான காலத்தில் ஒரு வழக்கில் அந்த வரியை எடுத்துப் படித்தார், சர்க்கரை போடாமல்.

நான் சொல்ல வந்தது அன்று சாயங்காலத்தை. நாங்கள் கிளம்புவதற்குள் டியூட்டி மாறி, புது நர்ஸ் ஒருத்தி வார்டுக்குள் வந்தாள். நடந்தது எதுவும் அவளுக்குத் தெரியாது. கட்டிலோரம் உட்கார்ந்திருந்த கடிகாரக்காரரைப் பார்த்து, எல்லோரிடமும் கேட்கிற குரலிலேயே கேட்டாள்.

"பேஷண்டுக்கு நீங்க யாரு?"

இத்தனை வருஷமாக இந்தக் கேள்விக்குக் கடிகாரக்காரர் ஒன்றுவிட்ட தம்பி, கூட வேலை பார்த்தவர், மேல் வீட்டுக்காரர் என்று என்னென்னவோ ஆகியிருக்கிறார். படுக்கையிலிருந்து வாத்தியார் அவரை முறைத்துக்கொண்டிருந்தார்.

"இவரு..." என்றார் கடிகாரக்காரர். "இவரு எங்க வீட்டு ஆளும்மா."

"அப்பாடா. யாராவது வீட்டு ஆளு இருந்தா நல்லதுன்னுதான் பார்த்தேன்" என்றாள் நர்ஸ். "இந்தாங்க, இதைக் கொண்டுபோய்க் கொட்டிட்டுக் கழுவி எடுத்துட்டு வாங்க." மூத்திர பாட்டிலை அவர் கையில் கொடுத்தாள்.

பதக்கம் வாங்குகிறவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். இவ்வளவு கவனமாக, இரண்டு கையாலும் வாங்கியவரைப் பார்த்ததில்லை.